ஒரே உறையில் போன இரண்டு கடிதங்கள்

காலை ஏழு மணி, சித்தூர். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். கரிப்புகையில் ஓடுவதற்காகக் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு நின்றது பஸ். திருப்பதி நாற்பத்துச் சொச்சம் மைல். பக்கத்தில் ஏழுமலை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. தாலூகா கச்சேரியில் பத்து வருஷமாக என்னோடு ஒரே மேசையில் எழுதுகிறவன். இருவரும் ஒரே பெண்ணைக் கேட்டிருந்தோம். பதில் வாங்கத்தான் பயணம்.

தப்பு என்னுடையது. சரோஜா எங்கள் தெரு வாத்தியார் மகள். அவர்கள் திருப்பதிக்குக் குடிபோன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். ஆகவே பெண் கேட்டு எழுத ஏழுமலையைப் பிடித்தேன். அவனுக்கும் அவள்மேல் ஆசை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மகராசன் எனக்கொன்று, தனக்கொன்று எழுதி, இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் வந்து சொன்னான். மூன்று வாரம் நான் அவனோடு பேசவில்லை. "இருவரும் வாருங்கள், பெண்ணே சொல்லட்டும்" என்று வாத்தியார் பதில் போட்டார்.

எட்டு மணி, காணிப்பாக்கம். கரி போட பஸ் நின்றது.

"அரை மணி ஆவும் சாமி, தரிசனம் பண்ணிக்கினு வந்துடுங்க" என்றார் டிரைவர்.

இவ்வூர்ப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய ஒருவருக்கும் துணிவு வராது. வழக்குள்ளவர்கள் குளத்தில் முழுகி, ஈரவேட்டியோடு சந்நிதியில் நின்று சத்தியம் செய்வார்கள். ஏழுமலை குளத்தைக் காட்டினான்.

"முழுகிட்டு சொல்லு. அவ என்னைக் கட்டிக்கினா உனக்கு வருத்தம் இல்லேன்னு."

"நீ சொல்லேன் மொதல்ல."

இருவரும் முழுகினோம். சந்நிதியில் சொட்டச் சொட்ட நின்றோம். இருவருக்கும் வாய் வரவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. சத்தியம் செய்யாமலே ஓடி வந்து ஏறினோம். ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு அவனோடு சிரித்தது நன்றாகவே இருந்தது.

அதன்பின் ஏற்றம் வந்த இடமெல்லாம் பயணிகளே பஸ்ஸைத் தள்ளினோம். திருப்பதி சேரப் பன்னிரண்டு. வாத்தியார் வீட்டுக்கு ஜட்கா வண்டி நாலணா.

"மொதல்ல துன்னுங்கப்பா, அப்புறம் பேசலாம்" என்று வாத்தியார் இலை போட்டார். புளிச்சகீரையும் சுடுசோறும். சரோஜா கடிதங்களோடு வந்து நின்றாள்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து. யார் எழுதினது?"

"நான்தான்" என்றான் ஏழுமலை.

"இவருக்காக ரெண்டு பக்கம். உங்களுக்கு நாலே வரி. ஏன்?"

"அவன் என்னை நம்பி எழுதச் சொன்னான். அதைக் கொறைச்சு எழுத மனசு வரலே."

"இவரோடதைக் கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றவள், தகப்பனார் பக்கம் திரும்பினாள். "நைனா, எனக்கு எழுதினவரே போதும்."

வாத்தியார் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அதையும் சாப்பிட்டேன், கீரை அப்படி.

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினோம். ஏழுமலைக்குச் சந்தோஷத்தைக் காட்டவும் பயம், மறைக்கவும் தெரியவில்லை. ஆறு மணிக்கு மறுபடி காணிப்பாக்கம், மறுபடி கரி. நான் நேரே குளத்தில் இறங்கினேன்.

"வேணாண்டா, சளி புடிச்சிக்கும்!" என்று பின்னாலேயே ஓடி வந்தான்.

சந்நிதியில் நின்றேன். "வருத்தம் இருக்கு, பிள்ளையாரே. இவன்மேல கோவம் இல்லே." இந்தத் தடவை வாய் தடுக்கவில்லை.

பஸ்ஸில் என் தலையைத் தன் துண்டால் துவட்டிக்கொண்டே ஏழுமலை மூக்கை உறிஞ்சினான். காலையில் ஏறியபோது ஒரு சிநேகிதனைத் தொலைக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சித்தூர் வந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள்.

"அடுத்த வாட்டியும் எனக்கு நீதாண்டா எழுதணும்" என்றேன். "உறையை மட்டும் நான் ஒட்டிக்கிறேன்."