தடுப்பூசி அட்டை

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் வரிசையில், எனக்கும் என் மகளுக்கும் முன்னால் வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். தலையில் மட்டும் புதிதாக முளைத்த பூனைமுடி. கூடக் குழந்தை இல்லை. கையிலிருந்த அட்டையை அடிக்கடி பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பேரப்பிள்ளைக்கா?" என்றேன்.

"எனக்குத்தாம்மா. ரத்தப் புத்துநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாத்துனாங்க. சின்ன வயசுல போட்ட ஊசியெல்லாம் ஞாபகம் வச்சிருந்த ரத்தத்து செல்லெல்லாம் அதுல அழிஞ்சிபோச்சாம். மொதல்லேர்ந்து போடணுமாம்."

ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"போன வருசம், அடுத்த வாரம் இருப்பேனான்னே டாக்டருங்க சொல்லல. இப்ப ரெண்டு வருசத்துக்குத் தேதி எழுதிக் குடுத்திருக்காங்க, பாரும்மா."

என் மகளின் அட்டையை அன்றுதான் நானும் கடைசித் தேதிவரை படித்தேன்.