பேசாத வீட்டில் ஒரு பிளக் பாயின்ட்

போன ஆவணியில், வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நான் வாக்கப்பட்டு வந்த கிராமத்தில் நடந்தது இது. கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது என் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டர்கள் பார்ப்பதே அதில்தான். அந்த லினக்ஸ் சர்வரில், தகவலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் லைப்ரரி பழசாகிவிட்டது. புதியதை சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்து, அதாவது ஓடும் புரோகிராமாக மாற்றி, போட வேண்டும்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இட்லி வேகுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். புதியதைத் தனி ஃபோல்டரில் போட்டிருக்க வேண்டும். நான் புண்ணியவதி, ஓடிக்கொண்டிருந்த பழையதின் மேலேயே போட்டுத் தொலைத்தேன். அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் திறக்கவில்லை. இன்னொரு விண்டோவில் சர்வருக்குள் நுழையப் பார்த்தால் அதுவும் விடவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த ஒரே விண்டோதான் மிச்சம். அது அறுந்தால் நேரில் போய்த்தான் சரிசெய்ய முடியும். சர்வர் அறையின் சாவி வைத்திருப்பவரோ போனை எடுக்கவே இல்லை. பழைய வெர்ஷனையே மறுபடி கம்பைல் ஆகப் போட்டேன். அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அட கடவுளே, அன்றைக்கு மாதாந்திர ஷட்டவுன்! சாயங்காலம்தான் வரும். நெட் என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடியதால் அறுபடவில்லை. ஆனால் லேப்டாப் பேட்டரி கால் மணி நேரம் தாங்கினால் அதிசயம்.

தெருவில் ஒரே ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. பங்காளி வீடு, அன்றைக்குக் காதுகுத்து. போர்வெல் தகராறில் அவர்களுக்கும் எங்களுக்கும் நாலு வருடமாகப் பேச்சே இல்லை. பத்திரிகைகூட வைக்கவில்லை. வேறு வழி? நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, திறந்த லேப்டாப்பைப் போனும் சார்ஜருமாகத் தாம்பாளம் மாதிரி ஏந்தியபடி ஓடினேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாத்தா, உள்ள வா," என்றார் அந்த வீட்டு அக்கா. நான் விஷயத்தை உளறிக் கொட்டினேன். பாட்டு ஓடும்போது கரண்ட் ஏறி இறங்கும், லேப்டாப் போய்விடும் என்று மைக்செட்காரர் தயங்கினார்.

"அப்பப் பாட்ட அமத்திப்புட்டு இந்தப் புள்ளைக்கு லைன் குடுங்க," என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு பந்தலுக்குள் வந்தார். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. "என்னக்கா, எழவு வீடு மாதிரி இருக்கு?"

"செத்த சும்மா இருடா. அங்கிட்டு ஆசுபத்திரில ஆளுக காத்துக் கெடக்காகளாம்."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு எர்ரர் வந்தாலும் தொலைந்தேன். நகத்தைக் கடித்துத் துப்பினேன். கம்பைல் முடிந்து, பழையதை அதன் இடத்தில் போட்டு, ஆஸ்பத்திரியின் பக்கம் திறந்தபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

"சாப்பிட்டுட்டுப் போத்தா," என்று அக்கா இலையைக் காட்டினார். வீட்டில் தெரிந்தால் வம்பாகும் என்று பயந்து, கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். "ஆசுபத்திரியில எல்லாம் சரியாப் போச்சாத்தா?" என்று கேட்டார். பக்கத்தில் என் மாமியார். நான் போனைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்வரில் நான் உடைத்ததை அன்று காலையிலேயே சரிசெய்துவிட்டேன். அந்த அக்காவுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.