டப்பாவில் என் பைக் நம்பர்

போன வருஷம் ஆடி மாதம். திருத்தங்கலில் நான் லேபிள் வடிவமைக்கும் அச்சகத்தில் பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. வெடிப் பெட்டிகளுக்கு நடுவே வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆர்டர்: பட்டாணியில் செய்த புரத மாவு டப்பாவுக்கு லேபிள். அதில் ‘பரிசோதனை முடிவு: ஈயம்’ என்று ஒரு கட்டம். முடிவைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார்கள். மாதிரியில் கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இராதே என்று, பூஜ்யம் புள்ளி போட்டு, என் பைக் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தட்டி அனுப்பினேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. அச்சாகி லோடும் போய்விட்டது. எனக்கு மறந்தே போனது.

இரண்டு மாதம் கழித்து நாரணாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். நல்ல மத்தியானம். கைக்குழந்தை தொட்டிலில் தூங்க, அக்கா ஏதோ மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திருப்பினேன். ஈயத்துக்கு நேரே என் பைக் நம்பர். வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தேன். அதே இரண்டு இலக்கம்.

"ஏலே, பேயறைஞ்சவன் மாதிரி என்னத்தப் பாக்க?"

இதை ஏன் வாங்கினாய் என்றேன்.

"பால் குடுக்கிறவ சத்தாக் குடிக்கணும்லா. மத்த டப்பாவுல ஈயம் எம்புட்டுன்னே இல்ல. இதுலதான் சோதிச்சுப் போட்டுருக்காக."

டம்ளரைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சிரித்தார். "டெஸ்ட்டுக்கே அனுப்பலை தம்பி. நீங்க போட்டதே நல்லா இருந்துச்சு, விட்டுட்டோம். அடுத்த லோடுக்கும் அதையே போட்டுருங்க."

மண்ணிலிருக்கும் ஈயத்தைச் செடி இழுத்துக்கொள்ளும், அது மாவிலும் வரும், அதனால்தான் சோதனை என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். மதுரையில் ஓர் ஆய்வகத்தில் மாவைக் கொடுத்தேன். முடிவு வரும்வரை தினமும் அக்காவின் போன். "பிள்ள ரொம்ப அழுவுதுலே, அதாலயா இருக்குமோ?"

முடிவு வந்தது. லேபிளில் இருந்ததைப்போலப் பல மடங்கு ஈயம். நான் டம்ளரைப் பிடுங்கிய அன்றைக்கு அக்கா குடிக்க ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் பயமில்லை என்றார். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டத்த வெறுமனே விட்டா உன் கை ஒடிஞ்சா போகும்?" என்று திட்டியவர், அந்த ஆர்டரையே வேண்டாமென்றுவிட்டு, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்க என்னோடு வந்தார்.

கடைகளில் இருந்த டப்பாக்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் விற்றுப்போனவை எந்த ஊரில், யார் வீட்டு அடுக்களையில் இருக்கின்றனவோ. நான் சும்மா தட்டிய எண்ணை நம்பி அங்கே யாரோ ஒருத்தி இப்போதும் மாவைக் கலக்கிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு, ஒவ்வொரு புது லேபிளிலும் என் விரலைப் பிடித்து நிறுத்துகிறது.