பிசிறு பார்த்த உரம்

உரமாகட்டும் என்று மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து, சில மாதங்களுக்கு முன் தோட்டத்து ஓரமாகப் புதைத்திருந்தேன். இன்று காலை தோண்டியெடுத்துத் தட்டினேன். சாண நாற்றம் துளியும் இல்லை, புதுமழையில் நனைந்த மண்ணின் வாசனைதான் வந்தது. கூடவே பல்லடம் ரோட்டு வாடகை வீடும், அதன் பின்பக்கத்து உரக்குழிக்குள் இறங்கி நின்ற அம்மாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளை நறுக்குவது. கழித்துப்போட்ட பனியன்களை வாங்கிவந்து, பருத்திதானே மக்கிவிடும் என்று சாணத்தோடும் இலைதழையோடும் குழியில் போட்டு மூடினார். மாதங்கள் கழித்துத் திறந்தால் துணி முழுக்க மக்கியிருந்தது, தைத்த பாலியெஸ்டர் நூல் மட்டும் மக்கவில்லை. கறுத்த உரத்துக்குள் கழுத்தும் கையும் விளிம்பும் வெறும் தையலாகக் கிடந்தன.

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நூலுதானே, உடு புள்ள. செடிக்கென்ன தெரியப்போவுது?"

"பிசிறோட போனா பனியனையே திருப்பி அனுப்பீர்றாங்க. மண்ணுன்னா மட்டும் எளக்காரமுங்களா?"

நாளெல்லாம் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு வந்த அதே விரல்கள், குழி உரம் மொத்தத்தையும் பிடிபிடியாக அள்ளி நூல் பொறுக்கின. அதற்குப் பல சாயங்காலங்கள் ஆயின. முகம் ஒருநாளும் சுளிக்கவில்லை.

இப்போது அம்மாவுக்குப் பார்வை மங்கல். கொம்பு உரத்தை வாளித் தண்ணீரில் கரைக்கப் போனேன்.

"இங்க கொண்டா கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கை நீட்டினார்.

"இதுல துணியே போடலைம்மா."

"தெரியுது. எதுக்கும் ஒருக்காப் பாத்தர்லாம்."