மூன்றாம் கட்டிலும் ஒரு விரலும்

மருந்து வண்டி, கதவு, மேசை, பக்கத்தில் நிற்பவரின் தோள், எது கைக்கு எட்டுகிறதோ அதில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டேதான் பேசுவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பம்ப்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் நர்சுகள் வைத்த பெயர் டொக்கு.

தளர்ந்த இதயத்துக்குக் கைகொடுக்கும் யந்திரம் அவர் பொறுப்பு. பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு பலூன். இதயம் ஓயும்போது அது உப்ப வேண்டும், அழுத்தப் போகுமுன் சுருங்க வேண்டும். மார்பில் ஒட்டிய வில்லைகளின் ஒயர் வழியாக யந்திரம் துடிப்பைக் கேட்டு நடக்கும். நேரம் தப்பினால் தாங்குகிற கையே தள்ளிவிடும்.

"இதயத்துக்கே நேரம் சொல்றவன் நான்" என்பார். சொல்கிறவர் வேலைக்கு நேரத்தோடு வந்த நாட்களை எண்ண ஒரு கை போதும். அவர் மனைவி சொல்வாள்: "நான் வாயத் திறந்தா 'இரு, இப்ப இல்ல'ன்னு விரலத் தூக்குவாரு. இருபது வருஷமா அந்த 'இப்ப' வரவே இல்ல."

அன்று மூன்றாம் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். காலையிலிருந்து மூன்று தரம் ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. இன்னொரு தரம் சரிந்தால் தாங்கமாட்டார் என்று மருத்துவர் கையை விரித்திருந்தார். பம்ப்காரர் நர்சைக் குறை சொன்னார், வில்லையைக் குறை சொன்னார், கடைசியில் கட்டிலோரம் கையை ஊன்றிக்கொண்டு படுத்திருந்தவரையே பிடித்துக்கொண்டார்.

"இப்படி மூச்ச இழுத்தா மிஷின் என்னண்ணே பண்ணும்?"

ஓட்டுநரின் மனைவி கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீங்க வந்தா இறங்குது. போனா ஏறுது."

"இறங்குறதாலதாம்மா நான் வர்றேன்."

"மொத ரெண்டு தரம் உங்கள யாரு கூப்பிட்டா? சும்மா எட்டிப் பாக்க வந்தீங்க. அப்புறந்தான் இறங்குச்சு."

பேச்சு நடக்கும்போதே திரையில் அழுத்த எண் நான்காம் தரமாகச் சரியத் தொடங்கியது. பெரிய நர்ஸ் திரையைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். உள்ளங்கைக்கு அடியில் வில்லைகளின் ஒயர்க்கட்டு. அதன்மேல் ஆள்காட்டி விரல், டொக் டொக். ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் இதயத் துடிப்புபோல ஒரு முள் எழுந்தது. யந்திரம் ஓட்டுநரின் இதயத்தைக் கைவிட்டு, இவர் விரலுக்கு ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், கைய எடுங்க."

எடுத்தார். ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து, எழுபத்தொன்று என்று எண் மெல்ல ஏறியது.

"ஒயர் பழசு" என்றார்.

ஓட்டுநரின் மனைவி நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கதவோரம் போட்டாள். "இங்க உக்காருங்க தம்பி. கால் வலிக்கும்ல."

பம்ப்காரர் போய் உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இடது கால் தரையைத் தட்டத் தொடங்கியது. ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் மேலே தூக்கி, நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார்.