பயோ என்றால் டொக்டர் இல்லை

எங்கள் தொழிலில், மூன்றாம் தரம் கேட்கும்வரை விலையைச் சொல்லக்கூடாது. முதல் தரம் கேட்டால் தேநீர் கொடுக்க வேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் பிள்ளையின் ஆசை என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றாம் தரமும் விடாமல் கேட்டால் ஒரு வருடத்து விலையை மட்டும், சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

நான் விற்றது டிகிரி. கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம், உரக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கொழும்பில் இருக்கிற தனியார் கம்பஸ் ஒன்றுக்கு இங்கிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பது வேலை. பயோமெடிக்கல், பயோடெக்னொலொஜி என்று இரண்டு சாமான்தான். என் கதிரைக்குப் பின்னால் சுவர் நிறைய டிஎன்ஏ படம். கம்பஸ் வாசலைக்கூட மிதிக்காத நான் பட்டப்படிப்பு ஆலோசகர்.

உயர்தரப் பரீட்சைக்கு பயோ எடுத்து, மெடிசின் தவறி, வீட்டிலுள்ளவர்களின் பெருமூச்சை எண்ணிக்கொண்டு இருப்பவர்களே, இது உங்களுக்குத்தான். நானும் உங்களில் ஒருத்தி. இரண்டாம் தரம் எழுதியும் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நின்றேன். அரசாங்கக் கம்பஸில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்குப் பதிந்தால், மூன்றாம் தரம் எழுதி மெடிசினுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். அப்பாவுக்கு மூன்றாம் தரம் வேண்டும். எனக்கு அந்தப் புத்தகங்களை இன்னொரு தரம் திறந்தால் ஓங்காளித்துச் சத்தி வரும். பதிவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த வெள்ளி வரும்வரை, என் வழி தெரியாத நான் ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூசையில் வாசித்தது

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தகப்பன் மகளோடு வந்தார். கடல் தொழில் செய்பவர். விலையைச் சொன்னதும் அதை மனதுக்குள் போட் எஞ்சின்களாக மாற்றிப் பார்த்தார், உதடு அசைந்தது. பிறகு, “என்ன படிப்பெண்டு திருப்பிச் சொல்லுங்கோ பிள்ளை” என்றார். “பயோமெடிக்கல் சயன்ஸ்” என்று முழுசாகத்தான் சொன்னேன். அவர் காதில் ‘மெடிக்கல்’ என்ற நடுத்துண்டு மட்டும் விழுந்தது. முகம் அப்படியே மலர்ந்துபோய்ப் படியிறங்கினார்.

அடுத்த கிழமை தனியே வந்தார். சொந்தக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரியில் நேர்ஸாம். அது டொக்டர் படிப்பு இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். நான் சேரைப் பார்த்தேன். எங்கள் மனேஜரைத்தான் சேர் என்பது. சேர் உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். வந்தவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்:

“பிள்ளை, என்ரை மகளுக்கு மெடிக்கல் கிடைச்சிட்டுது எண்டு ஃபாதர் போன ஞாயிறு பூசையில வாசிச்சுப்போட்டார். இனி ஆர் போய் அது இல்லையெண்டு வாசிக்கிறது?”

யூரியாப் பை

குடியேற்றத் திட்டமொன்றில் வயல் செய்கிற ஐயா ஒருவர், கீழே உரம் வாங்க வந்தவர், பெயர்ப்பலகையைப் பார்த்து மேலே ஏறிவந்தார். பேத்திக்கு பயோடெக்னொலொஜி விசாரித்தார். அவர் எஞ்சினாக மாற்றவில்லை, காலபோக நெல் விளைச்சலாக மாற்றினார். “நாலு காலபோகம் முழுசாப் போகும்” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கேட்டார்: “சரி, படிச்சு முடிய என்ன வேலை, எங்கை, என்ன சம்பளம்?”

இந்தக் கேள்விக்கு சேர் எனக்குப் பாடமாக்கித் தந்த பதில், “உலகமே திறந்திருக்கு ஐயா.” சொன்னேன். அவர் யன்னலால் உலகத்தை எட்டிப் பார்த்தார். புளியங்குளம் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. “கிளிநொச்சியில திறந்திருக்கோ?” என்றார். எழும்பும்போது சொன்னார்:

“கீழை யூரியாப் பையிலயாவது எழுதியிருக்கு தங்கச்சி, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு.”

சுவரிலிருந்த படம்

அந்தக் கடைசிக் கிழமை, செவ்வாயோ புதனோ, ஒரு அண்ணை வந்தார். டிகிரி வாங்க வரவில்லை. வேலை கேட்டு வந்தார். அரசாங்கக் கம்பஸில் உயிரியல் விஞ்ஞானம் முடித்தவராம். வெள்ளிக்கிழமை நான் பதிவதா விடுவதா என்று தவிக்கிற அதே டிகிரி, ஷேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு, என் கதிரையைக் கேட்டு வந்து நிற்கிறது.

சேர் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “அண்ணை, அந்தப் படிப்பு படிக்கப் பெறுமதியோ?” என்று நேரே கேட்டேன். அவர் எனக்குப் பின்னாலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உது பிழை” என்றார். “என்ன பிழை?” “டிஎன்ஏ வலப்பக்கமாத்தான் முறுகும். உது இடப்பக்கமா முறுகுது. ஆரோ கண்ணாடியில பாத்தமாதிரித் திருப்பி அடிச்சிருக்கினம்.” எழும்பிவந்து, விரலால் காற்றில் சுற்றிக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் வேலை தேடுகிற ஆள் இல்லை. அது நானும் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். அந்தப் படத்துக்குக் கீழே நாள் முழுக்க இருந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல் வந்தது. இன்னும் என்னென்ன தெரியாமல் இருக்கிறேன் என்ற எரிச்சல்.

சேர் வந்து, வேலை இல்லை என்றார். படியில் வைத்துத்தான் அண்ணை என் கேள்விக்குப் பதில் சொன்னார்:

“படிக்கேக்க காசு போகேல்லை தங்கச்சி. படிச்சு முடிச்சு வீட்டில இருக்கத்தான் காசு போகுது. ஆனா அந்த நாலு வருசத்தையும் ஆரும் திருப்பித் தா எண்டா, நான் குடுக்கமாட்டன்.”

ஸ்டாஃப் விலை

வியாழக்கிழமை சேர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். என் நிலைமை அவருக்குத் தெரியும். “உனக்கெண்டா பயோமெடிக்கல் ஸ்டாஃப் விலைக்குத் தரலாம். அரசாங்கக் கம்பஸ் எண்டா ஸ்ட்ரைக், பகிடிவதை, இழுபடும். இஞ்சை மூண்டு வருசத்தில வெள்ளைக் கோட்” என்றார். “சேர், அந்தக் கோட்டோட அரசாங்க ஆஸ்பத்திரி லாபில வேலைக்கு எடுப்பினமோ?” என்று கேட்டேன். நான் வாடிக்கையாளருக்குச் சிரிக்கிற அதே சிரிப்பை அவர் எனக்குச் சிரித்தார். பிறகுதான் உண்மையான இடியை இறக்கினார்:

“உன்ரை அப்பாவோட கதைச்சிட்டன். நாளைக்கு வாறாராம்.”

வெள்ளி

அப்பா வந்தார். வழக்கமாக விசாரிக்க வருகிறவர்கள் இருக்கிற கதிரையில், நுனியில் இருந்தார். தேநீர் வந்தது. “லான்ட்மாஸ்டருக்கு விலை கேட்டுப்போட்டுத்தான் வாறன்” என்றார். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம்தான் எங்கள் வயலை உழுகிறது, ஊரார் வயலையும் உழுது எங்களுக்குச் சோறு போடுகிறது. “மூண்டாந்தரம் உனக்கு விருப்பமில்லையெண்டா பரவாயில்லை பிள்ளை. இதுவும் மெடிக்கல்தானாமே.” சேர் பக்கத்திலேயே நின்றார். “உங்கட பிள்ளைதானே எங்கட ஆலோசகர். அவாவே விளங்கப்படுத்தட்டும்” என்றார்.

விளங்கப்படுத்தினேன். “அப்பா, இது டொக்டர் இல்லை. லான்ட்மாஸ்டரை வித்தாலும் டொக்டர் இல்லை. வயலையும் சேத்து வித்தாலும் டொக்டர் இல்லை.” சேர் இருமினார். “அரசாங்கக் கம்பஸில கிடைச்சதும் டொக்டர் இல்லை. ஆனா அதுக்கு லான்ட்மாஸ்டர் வீட்டிலயே நிக்கும். நான் அதுக்குப் பதியப்போறன். இண்டைக்குத்தான் கடைசி.”

“பதிஞ்சா மெடிசின் இல்லையெல்லே?”

“இல்லை.”

“ஒருக்காலும்?”

“அந்த வழியால ஒருக்காலும் இல்லை.”

அப்பா தேநீரைத் தொடவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். “உதென்ன, முறுகின ஏணி?” டிஎன்ஏ என்றேன். அது எந்தப் பக்கம் முறுக வேண்டும், இதில் எப்படி இடம்வலம் மாறிப் போயிருக்கிறது என்று விரலால் சுற்றிக் காட்டினேன். வாய் ஓயாமல் கதைத்தேன் என்று நினைக்கிறேன். அப்பா படத்தை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேரிடம் திரும்பி, “இவ்வளவு காசு வாங்கிற இடத்தில படமே பிழையோ?” என்றார். “அது பிரிண்ட் அடிச்சவன்ரை பிழை ஐயா” என்றார் சேர். அதற்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது.

போகும்முன் அலுவலகக் கணினியிலேயே பதிந்தேன். சேர் தடுக்கவில்லை, அப்பா அவருக்கும் எனக்கும் நடுவில் நின்றார். கடைசிப் பொத்தானையும் அழுத்தினேன். படியிறங்கும்போது அப்பா கேட்டார், “அப்ப சனம் கேட்டா என்னெண்டு சொல்லுறது?” “பயோ எண்டு சொல்லுங்கோ.” உரக்கடை வாசலில் நின்று சொன்னார்:

“ஓம். பயோ எண்டு மட்டும் சொல்லுவன். மிச்சத்தை அவையளே நினைக்கட்டும்.”

அந்தக் கதிரையில் இருந்தவரை நான் உண்மை சொல்லி விற்ற டிகிரி ஒன்றே ஒன்றுதான், அதுவும் எதிர்க்கடைச் சாமான்.