திரிகால மணியும் உராய்வு விசையும்

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இதை இடது கையால் எழுதி ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று கடற்கரை ஊரான ஆலந்தலைக்குப் போயிருந்தேன். தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிரேன் வந்துவிட்டது; அங்கே மீன்பிடி வள்ளத்தை இன்னும் கையால்தான் கரையேற்றுகிறார்கள். வள்ளத்துக்காரர் ராயப்பு அண்ணாச்சி என்னையும் வடம் பிடிக்கக் கூப்பிட்டார்.

வள்ளம் சீராக நகர்ந்தது. பாதி மணலில் ஏறியபோது கத்தோலிக்கக் கோயிலில் பகல் மணி அடித்தது. என்னோடு இழுத்த பன்னிரண்டு பேரும் வடத்தைப் பிடித்தபடியே நின்று, மூன்று வேளையும் மணி கேட்டதும் சொல்லும் திரிகால செபத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

"நிப்பாட்டாதிய அண்ணாச்சி! நகருததை இழுக்கது லேசு. நின்னுட்டா, கிளப்ப இன்னும் விசை வேணும்!" என்று கத்தினேன்.

யாரும் திரும்பவில்லை. நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டண்டான நான் ஒருவன் மட்டும் இயற்பியலை நம்பி இழுத்தேன். வள்ளம் அசையவில்லை. நகர்ந்தது ஈர வடத்தின்மேல் என் வலது கைதான். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

செபம் முடிந்தும் அவர்கள் இழுக்கவில்லை. கடலையே பார்த்து நின்றார்கள். பெரிய அலை ஒன்று வந்து வள்ளத்தின் பின்புறத்தைத் தூக்கியது.

"ஏலே, இழுங்கல!" என்றார் அண்ணாச்சி. வள்ளம் மேலே வந்துவிட்டது.

"அலை தூக்கும்போது மணல்ல பாரம் எங்க இருக்கு, வாத்தியாரே?"

பாரம் குறைந்தால் உராய்வும் குறையும் என்று போன வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான்.

"செபத்துக்கா நின்னிய, அலைக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான்."

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் உராய்வுப் பாடத்தின் மீதியை நடத்த வேண்டும். எனக்காகச் சாக்பீஸ் பிடிக்க வருகிறவர்கள் கீழே பெயர் எழுதவும்.

கத்தோலிக்கர்களுக்கு முன்னுரிமை.